ஒரு முறை கண்ட அம்மை

அம்மை ஒரு முறை கண்டவருக்கு மறுமுறை காணாது என்பது நம் முன்னோர் நெடுங்காலமாக அறிந்திருந்த செய்தி. அதை அவர்களுக்கு எந்த மருத்துவக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. நோயாளியின் பாயருகே இரவும் பகலும் இருந்து, வேப்பங்கொத்தால் விசிறி, இளநீர் கொடுத்துப் பணி செய்தவர்கள் கண்கூடாகக் கண்டு தெரிந்துகொண்டார்கள். ஆகவே, அம்மை வார்த்த வீட்டில் நோயாளிக்கு அருகே யார் இருப்பது என்ற கேள்வி எழுந்தால், முன்பே அம்மை கண்டு தேறிய ஒருவரைத் தேடி அழைத்து வருவார்கள். என் பாட்டியார் அத்தகையவர். அவர் முகம் முழுவதும் வைசூரியின் வடுக்கள் இருந்தன. இளமையில் அந்த வடுக்களை எண்ணி அவர் வருந்தியிருக்கக்கூடும். ஆனால், ஊரில் அம்மை பரவிய காலங்களில் மற்றவர்கள் அஞ்சி ஒதுங்கிய வீடுகளுக்குள் அவர் அஞ்சாமல் நுழைவாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சிறிது பெருமையும் கலந்திருக்கும்.

இது நம் நாட்டார் மட்டும் கண்ட உண்மை அன்று. கி.மு. 430இல் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரை ஒரு கொள்ளைநோய் பற்றியது. துசிடைடீஸ் என்னும் வரலாற்று ஆசிரியர் அந்நோயில் தாமும் வீழ்ந்து தேறியவர். நோயிலிருந்து மீண்டவர்களே பிறரிடம் மிகுந்த இரக்கம் காட்டினார்கள் என்று அவர் எழுதி வைத்தார். நோயின் கொடுமை அவர்களுக்குத் தெரியும்; தமக்கு இனி அச்சமில்லை என்பதும் தெரியும். அந்நோய் ஒருவரை இருமுறை தாக்கவில்லை என்று கூறிய அவர், கொல்லும் அளவுக்குத் தாக்கவில்லை என்று ஓர் எல்லையும் வகுத்துக்கொண்டார். அந்த எல்லை எத்துணை நுட்பமானது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இந்தப் பாதுகாப்பு எத்தனை ஆண்டுகளுக்கு நிற்கும்? ஓர் ஆண்டா, பத்து ஆண்டா, வாழ்நாள் முழுவதுமா? எளிய கேள்விபோலத் தோன்றும் இதற்கு விடை காண்பது எளிதன்று. ஒரு நோய் ஓயாமல் உலவும் ஊரை எண்ணிப் பாருங்கள். அங்கே அந்நோயிலிருந்து தேறியவர் தெருவிலும் கடையிலும் கோயிலிலும் மீண்டும் மீண்டும் அதே நோய்க்கிருமியைச் சந்திக்கிறார். ஒவ்வொரு சந்திப்பும் அவர் உடலின் எதிர்ப்பாற்றலைப் புதுப்பித்துவிடலாம். முப்பது ஆண்டு கழித்தும் அவர் நோயின்றி இருந்தால், பழைய காப்பு தானே நிலைத்து நின்றதா, இடையிடையே புதுப்பிக்கப்பட்டதா என்று சொல்ல இயலாது. விடை காண வேண்டுமானால், நோய் ஒரு முறை வந்து, அடியோடு அகன்று, நெடுங்காலம் தலைகாட்டாதிருந்து, மறுபடியும் வருதல் வேண்டும். அதுவரை அந்த மக்கள் அவ்விடத்திலேயே வாழ்ந்திருத்தலும் வேண்டும். இத்தகைய சோதனையை எந்த அரசும் எந்த அறிஞரும் நடத்த முடியாது. ஆனால், வட அட்லாண்டிக் கடல் அதை நடத்தியது.

ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே கடலின் நடுவே பதினெட்டுத் தீவுகள் கூட்டமாக உள்ளன. அவற்றை ஃபாரோ தீவுகள் என்பர். மரங்கள் அரிய, புல் செறிந்த மலைச்சரிவுகள், ஓயாத காற்று, ஆடு மேய்த்தலும் மீன் பிடித்தலுமே பிழைப்பு. டென்மார்க் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அத்தீவுகளுக்குச் சென்ற நூற்றாண்டுகளில் வந்துபோன கப்பல்கள் மிகச் சில. 1781ஆம் ஆண்டில் அங்கே தட்டம்மை பரவியது. நம் ஊர்களில் மணல்வாரி என்று சொல்லும் அம்மைதான் அது. பரவ ஆள் இல்லாத நிலையில் அது ஓய்ந்தது. அதன்பின் அறுபத்தைந்து ஆண்டுகள் அத்தீவுகளில் தட்டம்மை இல்லை. அதைக் கண்டவர்கள் முதியோராயினர். காணாத தலைமுறைகள் தோன்றி வளர்ந்தன.

1846ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் தச்சர் ஒருவர் கோபன்ஹேகன் நகரிலிருந்து கப்பலேறி ஃபாரோவின் தலைநகராகிய தோர்ஷாவ்னில் வந்து இறங்கினார். புறப்படுமுன் அவர் தட்டம்மை கண்ட சிலரைப் பார்த்து வந்திருந்தார். கரை சேரும் வரை நன்றாகவே இருந்தார்; ஏப்ரல் தொடக்கத்தில் அவருக்கு நோய் வெளிப்பட்டது. பின்னர் அவருடைய நெருங்கிய நண்பர்களுக்குக் கண்டது, அவர்களிடமிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து தீவுகளுக்கு. ஏறத்தாழ 7,800 மக்களுள் ஏறத்தாழ 6,000 பேர் சில மாதங்களுக்குள் நோயுற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

டென்மார்க் அரசு இரண்டு இளம் மருத்துவர்களை அங்கே அனுப்பியது. அவர்களுள் ஒருவர் பீட்டர் லூட்விக் பனூம். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மருத்துவப் பட்டம் பெற்று ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. வைரஸ் என்ற சொல் இன்றைய பொருளில் அந்நாளில் இல்லை. நோய்கள் கெட்ட காற்றால் உண்டாகின்றன என்று கருதிய மருத்துவர் பலர். பனூமிடம் ஆய்வுக்கூடம் இல்லை. நோய்க்கிருமியைக் காட்டும் கருவியும் இல்லை. இருந்தவை ஒரு குறிப்பேடும், கேள்வி கேட்கும் பொறுமையும், படகில் ஏறி ஊர் ஊராகச் செல்லும் கால்வலிமையும்தாம். அவர் எழுதிய அறிக்கையின் மொழிபெயர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. அவர் ஆரவாரமாக எதையும் சொல்வதில்லை. இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னார் என்று எழுதிக்கொண்டே போகிறார். ஆனால், அந்த நாட்கணக்கிலிருந்து மெல்ல மெல்ல ஓர் உண்மை எழுந்து நிற்கிறது.

ஒரு சான்று காட்டுகிறேன். ஃபாரோ மக்கள் திமிங்கிலக் கூட்டத்தைக் கண்டால் பல ஊர்ப் படகுகளும் சேர்ந்து அதைக் குடாவுக்குள் விரட்டிப் பிடிப்பார்கள். ஜூன் 4ஆம் நாள் வெஸ்ட்மன்னா என்னும் இடத்தில் அவ்வாறு ஒரு வேட்டை நடந்தது. தியோர்னுவிக் என்னும் சிற்றூரிலிருந்து பத்துப் பேர் ஒரு படகில் சென்று அதில் கலந்துகொண்டனர். ஜூன் 18ஆம் நாள் அந்தப் பத்துப் பேர் உடலிலும் தடிப்புகள் தோன்றின. பின்னர் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அவ்வூரார் மற்றவர்களுக்கும் நோய் கண்டது. ஊர்தோறும் இதே இடைவெளியைப் பனூம் கண்டார். நோய் ஒட்டிய நாளுக்கும் தடிப்புத் தோன்றும் நாளுக்கும் இடையே பதின்மூன்று அல்லது பதினான்கு நாட்கள். காற்றில் தானே தோன்றும் நோயாயின் இத்தகைய ஒழுங்கு எங்கிருந்து வரும்? ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டுவதே தட்டம்மை என்று அவர் தெளிந்தார்.

இனி, நம் கேள்விக்கு வருவோம். பனூம் ஊர்தோறும் முதியோரைத் தேடிச் சென்றார். 1781இல் குழந்தைகளாகவோ இளைஞர்களாகவோ இருந்து தட்டம்மை கண்டவர்கள் இன்னும் பலர் உயிரோடு இருந்தனர். அவர்கள் வீடுகளில் மகனும் மருமகளும் பேரக் குழந்தைகளும் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தனர். அந்த முதியோரோ அவர்களுக்கிடையே நடமாடினர். அவர்களுள் ஒருவரைக்கூட நோய் மறுமுறை தாக்கவில்லை. தாம் விசாரித்தறிந்த வகையில் அத்தகையோர் தொண்ணூற்றெட்டுப் பேர் என்று பனூம் கணக்குக் காட்டுகிறார்.

இங்கே ஐயம் எழலாம். முதுமையே அவர்களைக் காத்திருக்கலாம் அன்றோ? முதிர்ந்த உடலைத் தட்டம்மை விரும்புவதில்லை என்று சொல்லிவிடலாம் அன்றோ? பனூம் அந்த ஐயத்தையும் விட்டுவைக்கவில்லை. 1781இல் எக்காரணத்தாலோ நோய்க்குத் தப்பிய முதியோர் சிலரும் அத்தீவுகளில் இருந்தனர். அவர்கள் நோயை நெருங்கியபோது, வயதைப் பாராமல் அது அவர்களைப் பற்றிக்கொண்டது. ஒரே வயது, ஒரே உணவு, ஒரே காற்று. வேற்றுமை ஒன்றே ஒன்று. ஒருவர் உடல் அந்த நோயை முன்பே சந்தித்திருந்தது; மற்றவர் உடல் சந்திக்கவில்லை. அறுபத்தைந்து ஆண்டுகள் நோயின் நிழல்கூடப் படாமல் இருந்தும் உடல் அதை மறக்கவில்லை. இந்த ஓரிடம் போதும், பனூமின் பெயர் மருத்துவ வரலாற்றில் நிலைப்பதற்கு என்பது என் கருத்து.

உடல் எங்கே, எவ்வாறு நினைவு வைத்துக்கொள்கிறது என்பது பனூமுக்குத் தெரியாது. அது இருபதாம் நூற்றாண்டில் விளங்கியது. நோய்க்கிருமி உடலுக்குள் புகுந்ததும் குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் சில அதற்கேற்ற எதிர்ப்பொருளை உண்டாக்குகின்றன. பூட்டுக்கு ஏற்ற சாவிபோல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் ஒரு குறிப்பிட்ட கிருமிக்கே பொருந்தும். ஆதலால்தான் பெரியம்மை கண்டவருக்குச் சின்னம்மையும், சின்னம்மை கண்டவருக்குத் தட்டம்மையும் வரக்கூடும். நாம் எல்லாவற்றையும் அம்மை என்று ஒரே பெயரால் அழைக்கிறோம். உடல் அவற்றைத் தனித்தனியே அறிந்து வைத்திருக்கிறது. நோய் தீர்ந்தபின் அந்த அணுக்களுள் பெரும்பாலானவை மடிகின்றன. ஆனால், சில நினைவணுக்களாக உலவுகின்றன. வேறு சில எலும்பு மஜ்ஜைக்குள் சென்று தங்கி, ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. குருதியில் கலந்த எதிர்ப்பொருள் ஏறத்தாழ மூன்று வாரங்களில் பாதி அழிந்துவிடும். அங்ஙனமாயின், அறுபத்தைந்து ஆண்டு கழித்தும் காப்பு இருந்ததென்றால், யாரும் அறியாமல் எலும்புக்குள் அந்த வேலை நாள்தோறும் நடந்துகொண்டே இருந்தது என்று பொருள்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நாற்பத்தைந்து பேரின் குருதியை ஆண்டுக்கணக்கில் எடுத்து அளந்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். சிலருடைய குருதி இருபத்தாறு ஆண்டுகள் வரை சோதிக்கப்பட்டது. தட்டம்மைக்குரிய எதிர்ப்பொருள் குறையும் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், அது பாதியாவதற்கு 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கண்டார்கள். அத்தனை ஆண்டு வாழ யாருக்கும் இயலாது. குறைவதே இல்லை என்பதைத்தான் அந்த எண் வேறு வகையாகச் சொல்லுகிறது.

எல்லா வைரஸ் நோய்களுக்கும் இதே கணக்கா என்றால், இல்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் எனக்கு ஆண்டுதோறும் சளி பிடிக்கும். எழுபது ஆண்டு அனுபவம் இருந்தும் என் உடல் அந்தச் சளியை வெல்லக் கற்றுக்கொள்ளவில்லையே என்று நான் நினைப்பதுண்டு. அது உடலின் குற்றமன்று. சளியை உண்டாக்கும் வைரஸ்கள் ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கு மேற்பட்டவை. இந்த ஆண்டு வந்தவர் வேறு, சென்ற ஆண்டு வந்தவர் வேறு. மேலும், அவை மூக்கின் மேற்பரப்பிலேயே இரண்டு மூன்று நாட்களில் வேலையை முடித்துக்கொள்கின்றன. நினைவணுக்கள் விழித்தெழுந்து பெருகுவதற்குச் சில நாட்கள் வேண்டும். தட்டம்மை வெளிப்பட இரண்டு வாரம் ஆவதால், அதற்குள் உடல் படை திரட்டிவிடுகிறது. சளி அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். தாமாக முன்வந்த சிலருடைய மூக்கில், சளியை உண்டாக்கும் கொரோனா வைரஸ் ஒன்றைச் செலுத்தினார்கள். ஓர் ஆண்டு கழித்து அதே வைரஸை மீண்டும் செலுத்தினார்கள். முன்பு தொற்றுக்கு ஆளானவர்களுள் பலருக்கு மறுபடியும் தொற்று ஏற்பட்டது. ஆனால், அவர்களுள் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை. தொற்றாமல் காப்பது வேறு. தொற்றினாலும் துன்புறாமல் காப்பது வேறு. முன்னது விரைவில் தேய்கிறது. பின்னது நெடிது நிற்கிறது. துசிடைடீஸ் வகுத்துக்கொண்ட எல்லை நினைவுக்கு வருகிறதா?

இன்புளுவென்சாவின் செய்தி இன்னும் வேறு. 1918இல் உலகையே உலுக்கிய அந்தக் காய்ச்சல் நம் நாட்டிலும் கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அக்காலத்தில் சிறுவராக வாழ்ந்த முப்பத்திரண்டு பேரின் குருதியை அமெரிக்க அறிஞர்கள் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் வயது தொண்ணூறைக் கடந்திருந்தது. சிலர் நூறையும் கடந்திருந்தனர். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு கழித்தும் அவர்கள் அனைவருடைய குருதியும் 1918இன் வைரஸை அடையாளம் கண்டுகொண்டது. அவ்வாறாயின், மக்களுக்கு இன்புளுவென்சா ஏன் மறுபடி மறுபடி வருகிறது? அந்த வைரஸ் தன் மேலுறையை ஓயாமல் மாற்றிக்கொள்கிறது. உடல் பழைய முகத்தை மறக்கவில்லை. வந்து நிற்பதோ புதிய முகம். தட்டம்மை வைரஸால் அவ்வாறு வேடம் மாற்ற இயலவில்லை. உயிரணுக்குள் நுழைவதற்கு அது பயன்படுத்தும் உறுப்பே எதிர்ப்பொருளுக்கு அடையாளமாக அமைந்துவிட்டது. அதை மாற்றினால் நுழையும் ஆற்றலையும் இழக்க நேரும்.

சின்னம்மையோ வீட்டை விட்டே போவதில்லை. எனக்கு எட்டு வயதில் அது கண்டது; தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு போய்விட்டது என்று வீட்டார் மகிழ்ந்தனர். உண்மையில் அது நரம்புகளின் அடியில் சென்று ஒளிந்துகொள்ளும். முதுமையிலோ உடல் தளரும் காலத்திலோ சிலருக்கு ஒரு பக்கத்து விலாவிலோ முகத்திலோ கொப்புளமாகத் தலைகாட்டும். கிராமங்களில் காவி மண்ணால் எழுதுவார்களே, அந்த அக்கிதான் அது. டெங்குக் காய்ச்சலில் வேறொரு வஞ்சகம் உண்டு. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒன்றிலிருந்து தேறியவருக்கு அவ்வகையிலிருந்து நீண்ட காலக் காப்பு உண்டு. மற்ற மூன்றிலிருந்து சில மாதக் காப்பே உண்டு. பின்னர் வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்பொருளே அதற்கு வழிகாட்டி நோயைக் கடுமையாக்குவதும் உண்டு.

ஆகவே, நோயை ஒரு முறை பெற்றுவிட்டால் கவலை தீர்ந்தது என்று சிலர் பேசும்போது எனக்கு ஃபாரோவின் நினைவு வருகிறது. 1846இல் தப்பிய முதியோரை நாம் காண்கிறோம். 1781இல் அந்த நோயிலேயே மாண்டவர்கள் பனூமிடம் வந்து சாட்சி சொல்ல இயலாது. காப்பின் விலை அது. மேலும், முதியோர் பெற்ற காப்பு அவர்கள் பிள்ளைகளுக்குச் சொத்தாக இறங்கவில்லை. பிறந்த குழந்தைக்குத் தாய் தரும் எதிர்ப்பொருள் சில மாதங்களில் தீர்ந்துவிடும்.

தட்டம்மை மற்றொரு தீங்கும் செய்கிறது. நெதர்லாந்து நாட்டில் தடுப்பூசி போடப்படாத எழுபத்தேழு குழந்தைகளின் குருதியை, தட்டம்மை வருமுன்னும் வந்தபின்னும் எடுத்துச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். மற்ற நோய்களுக்காக அக்குழந்தைகள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களில், நூற்றுக்குப் பதினொன்று முதல் எழுபத்து மூன்று பங்கு வரை தட்டம்மை அழித்துவிட்டிருந்தது. தன்னை மறவாதிருக்கச் செய்யும் நோய், மற்றவற்றையெல்லாம் மறக்கச் செய்கிறது. தட்டம்மைத் தடுப்பூசி அமெரிக்காவில் 1963இல் வழக்கத்திற்கு வந்தது. அது நினைவை மட்டும் தருகிறது. இந்த மறதியைத் தருவதில்லை. என் பாட்டியார் முகத்தில் இருந்த வடுக்களை இன்று எந்தக் குழந்தையின் முகத்திலும் காண முடியாது. இந்தியாவில் வைசூரி 1975இல் ஒழிந்தது; உலகம் முழுவதிலும் ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. அதை ஒழித்தது அம்மை குத்தும் ஊசியே.

2020இல் கோவிட் பரவியபோது உலகெங்கும் அதே பழைய கேள்வி எழுந்தது. தேறியவருக்குக் காப்பு எத்தனை காலம்? ஓராண்டுக்குள் அறிஞர்கள் சிலவற்றைக் கண்டறிந்தனர். மிதமான நோய் கண்டவர்களின் எலும்பு மஜ்ஜையிலும் எதிர்ப்பொருள் சுரக்கும் அணுக்கள் பதினொரு மாதம் கழித்துத் தங்கியிருந்தன. அதன் உறவான சார்ஸ் நோயிலிருந்து 2003இல் தேறியவர்களிடம் பதினேழு ஆண்டு கழித்தும் நினைவணுக்கள் இருந்தன. ஆனால், கோவிட் வைரஸ் வேடம் மாற்றும் இனத்தைச் சேர்ந்தது. கடுமையான நோயிலிருந்து காப்பு நீடித்தாலும், தொற்று மறுபடியும் பலருக்கு வந்தது. அறுபத்தைந்து ஆண்டுக்கான விடையைப் பெற வேண்டுமாயின் 2085 வரை காத்திருத்தல் வேண்டும். அப்போது இன்று பள்ளியில் படிப்போர் முதியோராக இருப்பர். யாரேனும் ஓர் இளம் மருத்துவர் குறிப்பேட்டுடன் வந்து அவர்களிடம், உங்களுக்கு அது எந்த ஆண்டு கண்டது என்று கேட்கக்கூடும். ஆயினும், பனூமுக்கு வாய்த்ததுபோல, நோய் எட்டிப்பாராத ஒரு தீவு அவருக்கு வாய்ப்பது அரிது.